அமத்தினால் யார் வருவார்கள்?

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தின் பழைய லயத்தில் எங்கள் அம்மா தனியாக வாழ்கிறாள். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை அவளுடையது. பிள்ளைகளாகிய நாங்கள் மூவரும் கொழும்பில் கூலிக்கு உழைக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பீலிக்கரையில் வழுக்கி விழுந்தாள். நடக்கக் கூடியவர்கள் மலைக்கும், சிறுவர்கள் பள்ளிக்கும் போய்விட்ட வேளை. அவள் கூப்பிட்ட குரல் மழையில் கரைந்தது. மத்தியானம் கொழுந்து நிறுத்துத் திரும்பிய பெண்கள்தாம் அவளைக் கண்டு தூக்கினார்கள்.

நல்ல காலம், எலும்பு முறியவில்லை. ஆனால் விழுவதைப் போலவே விழுந்து கிடப்பதும் ஆபத்தானது என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். முதியவர் ஒருவர் மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் உடல் குளிர்ந்து, நீர் வற்றி, நசுங்கிய தசை சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

ஆகவே அபாய அறிவிப்புக் கருவி ஒன்று வாங்கப் புறப்பட்டோம். கழுத்திலே தொங்கும் பொத்தானை அழுத்தினால் வீட்டிலுள்ள பெட்டி ஒரு நிலையத்தை அழைக்கும்; அங்கிருப்பவர் உதவி அனுப்புவார். மேல்நாடுகளில் 1970களிலிருந்து பழக்கத்துக்கு வந்த ஏற்பாடு இது. ஒரு வகைக்குத் தொலைபேசிக் கம்பி வேண்டும். எங்கள் லயத்தில் அது இல்லை. இன்னொன்று சிம் அட்டையால் இயங்குவது. பதுளை நகரில் பேசும் அது, மலை மடிப்புக்குள் ஊமையாகிவிடும். விழுவதைத் தானே அறியும் கருவியோ சில வேளை வீணாகக் கூவும். சுவரோடு மெல்லச் சரிந்தால் சும்மா இருந்துவிடும். இவற்றோடு, பொத்தான் தண்ணீரில் நனைந்தாலும் கெடாததா, மின்சாரம் நின்றால் மின்கலம் எத்தனை மணி தாங்கும், மாதக் கட்டணம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டுக்கொண்டோம்.

கடைக்காரர் காட்டுவதற்கென்று கொடுத்த பொத்தானை அம்மா புரட்டிப் பார்த்தாள். “இத அமத்துனா யாருப்பா வருவாங்க?” என்றாள்.

நாங்கள் கேட்க மறந்த கேள்வி அது! 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசின்றி வரும். இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை 2018இல் ஊவாவுக்கும் வந்தது. மெச்சத் தக்க காரியம். ஆனால் அது எங்கே வரும்? எங்கள் லயத்துக்குத் தெருப்பெயர் இல்லை. காம்பராவுக்கு விலாச இலக்கம் இல்லை. கடிதங்கூடத் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வருகிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் விடியுமுன் தப்பு அடித்து லயத்தை எழுப்பினார்கள். பெரட்டில் தலைகளை எண்ணினார்கள். செக்ரோலில் பேர் போட்டார்கள். வேலைக்கு அழைக்க வழி தெரிந்தது, எண்ணவும் தெரிந்தது. அந்த உழைப்பாளி முதுமையில் விழுந்து கிடந்தால் அவள் கிடக்கும் இடத்துக்கு மட்டும் இலக்கம் இல்லை!

எனவே முதலில் மனிதரைத் தேர்ந்தோம், பிறகே கருவியை. மூன்றாம் காம்பராவில் ஓய்வுபெற்ற மாமா ஒருவர் பகலில் இருக்கிறார். அவரிடம் ஒரு கம்பியில்லா மணியை வைத்தோம். அதன் நனையாத பொத்தான் அம்மாவின் கழுத்தில். இதற்குச் சிம் வேண்டாம். பீலிக்கரையிலிருந்து அழுத்தி, மணி கேட்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுத்தோம். பெரிய எழுத்துள்ள கைத்தொலைபேசி ஒன்றும் வாங்கினோம். இஸ்தோப்புச் சுவரில் 1990, தோட்டம், டிவிசன், லயத்தின் எண், வாகனம் வரக்கூடிய சந்தி, அங்கே போய் நிற்கவேண்டிய பிள்ளையின் பெயர் எல்லாம் எழுதினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையும் பார்த்தோம்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் பாதைகளும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் பக்கத்துக் காம்பராதான் துணை. ஆயினும் அயலாரின் அன்பைக் காட்டி மற்றவர்கள் தம் கடமையைத் தட்டிக்கழிக்கலாகாது. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு விலாசம், ஒவ்வொரு லயத்துக்கும் அம்புலன்ஸ் ஏறும் பாதை: இவை இல்லாமல் எந்தக் கருவியும் பாதிக் கருவியே. அம்மா கேட்ட கேள்விக்குப் பாதி விடையை நாங்கள் தேடிக் கொடுத்துவிட்டோம். மற்றப் பாதியைத் தரவேண்டியவர்கள் அவளுடைய கொழுந்தால் வாழ்ந்தவர்கள்.