தலைகளும் மணிகளும்

ஒரு பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் பயில்கின்றனர் என்று கேட்டால் அமெரிக்காவில் இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று தலைக்கணக்கு, மற்றொன்று மணிக்கணக்கு. வாரத்திற்கு 3 மணி நேரம் நடைபெறும் பாடத்திற்கு 3 மதிப்பலகு. அதில் 30 மாணவர் அமர்ந்தால் துறையின் பேரேட்டில் 90 ஏறும். பருவத்திற்கு 12 அலகு எடுப்பவர் முழுநேர மாணவர். நான்கே ஆண்டுகளில் 120 அலகு முடித்துப் பட்டம் பெற விழைபவரோ 15 எடுத்தாக வேண்டும். பகலெல்லாம் கடையில் உழைத்துவிட்டு மாலையில் இரண்டு பாடம் படிக்க வருபவர் தலைக்கணக்கில் ஒருவர். மணிக்கணக்கில் அரை மனிதர். தலைகள் குறையாதிருக்கும்போதே மணிகள் குறைந்துபோவது இப்படித்தான்.

இந்த அளவுகோல் பிறந்த கதை நமக்கு வியப்பளித்தது. 1905-இல் எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னகி, பேராசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென 1 கோடி டாலர் ஈந்தார். அதைப் பெற விரும்பும் கல்லூரிகள், மாணவர் சேர்க்கையின்போது பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அளந்து கேட்க வேண்டும் என்றாயிற்று. 1910-இல் மாரிஸ் குக் என்னும் பொறியாளர், ஆலையை ஆராய்வதுபோல் கல்லூரிகளை ஆராய்ந்து, 'மாணவர் மணி'யை அளவாக முன்வைத்தார். திருச்சபைகளின் ஆளுகையிலுள்ள கல்லூரிகளுக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது. அதற்காகவே தம் சபையின் உறவை அறுத்துக்கொண்ட கல்லூரிகளும் உண்டு! துறவியர் நடத்திய கத்தோலிக்கக் கல்லூரிகளை அச்சோதனை அவ்வளவாக வாட்டவில்லை; அளவுகோல் மட்டும் அங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்நாட்டில் பிறப்பு எண்ணிக்கை 2007-இல் சுமார் 43 இலட்சமாக உயர்ந்து, அதன்பின் சரிந்தது. அன்று பிறவாத குழந்தைகளின் வெற்றிடம் இன்று வகுப்பறை வாசலுக்கு வந்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற்கு அது முன்னதாகவே வந்தது. 1867-இல் தோன்றிய அந்த அரசுப் பல்கலைக்கழகம் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அறிவு வாயிலாக விளங்குவது. அங்கே 2015-க்குப் பின் மாணவர் சேர்க்கை ஏறத்தாழ 10 விழுக்காடு குறைய, 2023-இல் 4½ கோடி டாலர் பற்றாக்குறை நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்சிக்குழு 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியப் பணியிடங்களையும் நீக்க வாக்களித்தது. பிறமொழிப் பட்டங்கள் போயின. ஸ்பானியமும் சீனமும் கற்பிக்கும் சில வகுப்புகளே எஞ்சின. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிக் கூக்குரலிட்டும் பயனில்லை.

நிருவாகிகளை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. ஊதியத்திற்குப் பணம் வேண்டும். அது மக்களின் வரிப்பணம். எண்ணுவதும் பாவமன்று. எண்ணிக்கை நூலில் ஆண்டவரே எண்ணச் சொல்கிறார். ஆனால் தாவீது அரசர் வீரர்களை எண்ணி முடித்ததும் அவருடைய உள்ளமே அவரை வாட்டியதாகச் சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நமக்கு நெடுநாள் விளங்கவில்லை.

மதிப்பலகு முறை நம் நாட்டுக் கல்லூரிகளுக்கும் வந்தபின், நாம் பணியாற்றிய கல்லூரியில் ஒரு விருப்பப் பாடத்திற்கு ஐந்து பேரே வந்தனர். நாம் பல்லாண்டு விரும்பிக் கற்பித்த பாடம் அது. பத்துப் பேரேனும் வேண்டும் என்பது விதி. துறைக் கூட்டத்தில் நாம் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாடத்தை நிறுத்தும் தாளில் மூன்றாவது கையொப்பம் நம்முடையது. மறுநாள் அந்த ஐவரில் ஒருவன் நம் அறை வாசலில் நின்றான். "ஐயா, வேறு யாராவது ஐந்து பேரைக் கூட்டி வந்தால் நடத்துவீர்களா?" என்று கேட்டான். சேர்க்கை முடிந்துவிட்டது என்றோம். அது உண்மைதான். அவன் தலையசைத்துச் சென்றுவிட்டான். அவன் பெயரை நாம் கேட்டுக்கொள்ளவில்லை.