சொறியாத சொறி

போன மாசியில் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு குட்டி வீடியோ போட்டிருந்தேன். ஜாம் போத்தலுக்குள் கடல் தண்ணீர், அதற்குள் நெல்லிக்காய் அளவில் கண்ணாடி மாதிரி ஒரு உயிர். உடம்பில் எட்டுக் கோடுகள், ஒவ்வொன்றிலும் வானவில் ஓடிக்கொண்டே இருந்தது. "ஒளிரும் ஜெலி மீன், எங்கட கடலில!" எண்டு கீழே எழுதினேன். கம்பசில் விலங்கியல் படிக்கும் சிநேகிதி உடனே பதில் போட்டாள்: "அது ஒளிரேல்ல. ஜெலி மீனும் இல்ல. மீன் எண்டது எப்பவுமே இல்ல. கடல் மட்டும் சரி."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீடியோ எனக்கு லேசான விஷயம் இல்லை. ஒன்பது வயதில் சொறிமுட்டை காலைச் சுற்றினதில் இருந்து நான் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கினதே இல்லை. சாட்டையால் அடித்த மாதிரிச் சிவந்த கோடுகள். இரவு முழுக்கக் குளறினேனாம், அம்மம்மா விடியும்வரை விசிறினாவாம். வீட்டு முற்றத்தில் நின்றாலே அலைச் சத்தம் கேட்கும். இருந்தும் பதினான்கு வருசம் கரையிலேயே நின்றேன்.

அன்றைக்கு மாமாவின் வலையில் இருந்து அந்தக் கண்ணாடிக் குண்டுகள் உதிர்ந்தபோதும் நான் பின்னுக்குத்தான் போனேன். மாமா ஒன்றைத் தண்ணீரோடு உள்ளங்கையில் அள்ளி நீட்டினார். "இது சொறியாத சொறி, பிள்ளை. பிடிச்சுப் பார்."

பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சிநேகிதி சொன்ன பெயர் சீப்பு ஜெலி. அந்த எட்டுக் கோடுகளும் சீப்பு வரிசைகள். ஆயிரக்கணக்கான பிசிர்கள் ஒன்றாக ஒட்டிச் சீப்புப் பல் மாதிரி அடுக்கி நிற்கின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க, உடம்பு நகர்கிறது. பிசிரால் நீந்தும் விலங்குகளில் இவைதான் பெரியவை. ஜெலி மீன் அப்படி இல்லை, குடையைச் சுருக்கி விரித்துத்தான் போகும். நான் கண்ட வானவில் அடிக்கிற சீப்பில் வெளிச்சம் பட்டுப் பிரிவது. சீடியைச் சரித்துப் பிடித்தால் நிறம் தெரியுமே, கிட்டத்தட்ட அப்படித்தான். பல சீப்பு ஜெலிகள் இருட்டில் உண்மையாகவே நீலப்பச்சையாய் ஒளிரும், அது வேறு கதை.

கொட்டாததற்குக் காரணம் இன்னும் பிடித்திருந்தது. ஜெலி மீனின் பரிசக்கொம்பில் இருப்பது கொட்டும் கலங்கள். சீப்பு ஜெலியில் அந்த இடத்தில் பசைக் கலங்கள்தான். இரை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். (ஹெக்கேலியா எண்டு ஒரு கள்ளன் மட்டும் ஜெலி மீன் இனங்களைத் தின்று, அதுகளின் கொட்டும் கலங்களைத் தன் பரிசக்கொம்பில் பதுக்கி வைத்துக்கொள்ளும்.) ஜெலி மீன்களில் பலவற்றுக்குக் கல்லில் ஒட்டி வாழும் ஒரு பருவம் உண்டு, இதற்கு அது கிடையாது. பெரும்பாலானவை இருபாலிகள்.

முன்னொரு காலத்தில் இரண்டையும் குழியுடலிகள் என்று ஒரே கூட்டில் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது ஜெலி மீன் நிடாரியாவில், சீப்பு ஜெலி தெனோபோராவில். 2023இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று நிறமூர்த்தங்களை ஒப்பிட்டு, விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை சீப்பு ஜெலிதான் என்றது. இல்லை, கடற்பஞ்சுதான் என்பவர்களும் விடுவதாக இல்லை. இதில் எது சரியென்றாலும் ஜெலி மீன் சீப்பு ஜெலியை விட எங்களுக்குத்தான் கிட்டடிச் சொந்தம். என் காலைச் சுட்டதுதான் சொந்தக்காரன்!

இதை மாமாவுக்குச் சொல்லி, "கொட்டாது, பாவம்" என்றும் சேர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "பாவமோ? இது நிறைய வந்தா மீன் இராது."

தேடிப் பார்த்தேன். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கரையில் இருந்து நீமியொப்சிஸ் என்ற சீப்பு ஜெலி கருங்கடலுக்குப் போயிருக்கிறது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரில் வந்ததாகத்தான் சொல்கிறார்கள். மீன் முட்டை, மீன் குஞ்சு, குஞ்சுகள் தின்னும் நுண்ணுயிர் எல்லாவற்றையும் தின்று பெருகி, அந்தப் பத்தாண்டின் முடிவில் நெத்தலித் தொழில் படுத்துவிட்டது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும் ஒரு காரணம்தான், முழுப் பழியையும் ஜெலியில் போட ஏலாது. 1997 அளவில் பெரோ என்ற இன்னொரு சீப்பு ஜெலி வந்து நீமியொப்சிசை விழுங்கத் தொடங்கின பிறகுதான் அது அடங்கினது. மாமா கருங்கடலைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

"எது கொட்டும், எது கொட்டாதெண்டு எப்பிடி மாமா தெரியும்?"

"எத்தினை வருசமா வலையில இருந்து பிடுங்கி எறியிறன்."

போன கிழமை இடுப்பளவு தண்ணீர்வரைக்கும் இறங்கினேன். மாமா முன்னுக்கு நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் நடுங்கினது. வானவில் ஒன்றும் தென்படவில்லை.