பிடி மண்

மாணவர்களே, 2015ஆம் ஆண்டு இராசஸ்தானின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதே மாநிலத்தில்தான் நான் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். ஆயினும் அவ்வட்டையின் அருமையை எனக்கு உணர்த்தியது எங்கள் ஊர் வயலே.

ஒரு கோடை விடுமுறையில், ஆய்வுக்கு மண் எடுத்து வருமாறு அப்பா என்னைப் பணித்தார். வெயிலுக்கு அஞ்சிய நான், வேப்பமர நிழலில், எருக்குழியின் ஓரத்திலேயே மண்ணை அள்ளிப் பையில் இட்டேன். சத்துகள் மிகுதி என முடிவு வந்தது. அதை நம்பி அப்பா உரத்தைக் குறைத்தார். தீவனச்சோளம் வெளிறி, முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. வைக்கோலை விலைக்கு வாங்கினோம். பசுவும் பாலைக் குறைத்தது. உண்மையைக் கூற எனக்கு ஓராண்டு ஆயிற்று. படித்தவனுக்கு நாணம் மிகுதி!

அப்பா கடிந்துகொள்ளவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "வா, இருவருமாக எடுப்போம்" என்றார். வரப்பு, மரநிழல், எருக்குழி ஆகியவற்றை விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை நீக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டினோம். குழியின் இருபுறமும் மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டினோம். அனைத்தையும் கலந்து பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கினோம். அரைக் கிலோ எஞ்சும்வரை இவ்வாறே செய்தோம். வயல் முழுவதற்கும் அந்த அரைக் கிலோதானே பேச வேண்டும்?

இம்முறை தழைச்சத்தும் துத்தநாகமும் குறைவு, சாம்பல்சத்து போதிய அளவு என அட்டை காட்டியது. அப்பா துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவினார். சாம்பல்சத்து உரத்திற்கு ஒதுக்கிய பணம் மிஞ்சியது.

ஆவணியில் தொலைபேசியில் அழைத்தவர், சோளம் தம் தோளுக்கு மேல் நிற்பதாகக் கூறினார். பின்பு, பசுவின் கழுத்துமணி ஓசை கேட்கிறதா என வினவினார்.