பதவி இறங்கியபின் வரும் எழுவாய்

1954 ஏப்ரலில் இராஜாஜி சென்னை மாநில முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். சொல்லப்பட்ட காரணம் உடல்நலம். அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்ற 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பே உண்மைக் காரணம் என்பது நாடறிந்தது. அவ்வாண்டே ‘கல்கி’யில் இராமாயணத் தொடரைத் தொடங்கினார், ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ‘சுயராஜ்யா’ ஆங்கில இதழில் வாசகரை நேரே விளித்து எழுதிய பத்தி பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ஆட்சியை விடாது தாக்கியது. கவர்னர் ஜெனரலாக இருந்தவருக்குப் பத்தி எழுத்தாளரின் நாற்காலி சிறிதாகத் தோன்றவில்லை.

2014-இல் நிதியமைச்சர் பதவி முடிந்தபின் ப. சிதம்பரமும் ஞாயிறுதோறும் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் எழுதலானார். இன்று அந்த நாற்காலிக்கு முன்னால் ஒலிவாங்கி வந்துவிட்டது. பிரிட்டனில் ஆறாண்டுகள் நிதியமைச்சராகச் சிக்கன நடவடிக்கைகளை நடத்திய ஜார்ஜ் ஆஸ்போர்ன், அப்போது எதிர்வரிசையில் நிழல் நிதியமைச்சராக இருந்த எட் பால்ஸுடன் 2023 முதல் பாட்காஸ்ட் நடத்துகிறார். அவையில் மோதியவர்கள் ஒரே மேசையில் பேசுவது கேட்கச் சுவையானதுதான். அந்தச் சிக்கனத்தில் உதவித்தொகை குறைந்தவருக்கும் அது சுவைக்குமா என்பது வேறு கேள்வி.

மொழியியல் கண்ணுக்கு இதில் தென்படுவது வினைச்சொல்லின் பெயர்ச்சி. அரசாணையில் எழுவாய் மறைந்திருக்கும்: ‘ஆணையிடப்படுகிறது’, ‘பரிசீலிக்கப்படும்’. ஆணையிடுபவர் யார் என்று வினை சொல்லாது. பதவி போனதும் ‘நான்’ திரும்பி வருகிறது: ‘அன்றே சொன்னேன்’, ‘எச்சரித்தேன்’. ஆனால் இந்தத் தன்மை எழுவாய் எல்லா வினைக்கும் வருவதில்லை. நல்லவற்றுக்குச் ‘செய்தேன்’, அல்லவற்றுக்கு ‘நடந்துவிட்டது’, ‘அப்படி ஆகிவிட்டது’. கை தவறியதையும் மனமறியாது நேர்ந்ததையும் குறிக்க உதவும் ‘விடு’ என்னும் துணைவினை, ஆட்சியாளர் நினைவுகூரலில் செய்யும் ஊழியம் தனி ஆய்வுக்கு உரியது. எழுத்தில் இது எளிதில் அகப்படும். பேச்சுத் தமிழின் நெருக்கத்திலும் சிரிப்பிலும் நழுவிப் போகும். செயப்பாட்டுவினையையாவது கேள்வி கேட்கலாம், ‘யாரால்?’ என்று. ‘ஆகிவிட்டது’ என்பதற்கு அந்தக் கேள்வியே பொருந்தாது.

இதைப் போனக்காட்டிலிருந்து யோசிப்பது பயனுள்ளது. தமிழ் இலக்கணத்தின் முதல் ஆசான் என மரபு கூறும் அகத்தியரின் மலைக்கு ஏறுபவர்கள் தொடங்கும் இடம் அது. வெள்ளையர் காலத் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை இயங்காது நின்று நெடுங்காலம் ஆயிற்று. சிதையும் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். எந்தக் கட்சியின் முன்னாள் அமைச்சரும் தொலைக்காட்சி விவாதத்தில் தோட்டத் தொழிலைப் பற்றி விரிவாகப் பேசலாம். அவர் பேச்சு லயத்துக்கு வந்து சேரும். லயத்தின் மறுமொழி அவரிடம் போகும் வழி இல்லை.

பதவியில் இருந்தபோது வழி இருந்தது. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350-ஆவது உறுப்பு தருகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. நடைமுறையில் அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மனுவை வாங்கிக்கொள்ளும் கடமை அந்த நாற்காலிக்கு உண்டு. ஒலிவாங்கிக்கு முன் இருக்கும் நாற்காலிக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை.