மாமாவின் தோளும் ஒரு தோல் உறையும்

துப்பாக்கிக்கும் நம் போன்ற குடும்பப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அது தையல் விஷயமாகவும் வைத்திய விஷயமாகவும் இருந்ததே, சகோதரிகளே!

வீடு ஆலங்குளத்தில். நிலம் கடையம் பக்கம், மலையடிவாரத்தில். கடலை பிஞ்சு பிடித்தால் போதும், காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கிவிடும். அதைச் சுட நமக்கு உரிமை கிடையாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டு விரட்டுவதோடு சரி. அதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. மாமாவின் அப்பா காலத்தது, பர்மிங்காமில் செய்தது. லைசென்ஸ் மாமா பெயரில் இருப்பதால் என் வீட்டுக்காரர் கூட அதை எடுத்துச் சுடக் கூடாது. எழுபத்திரண்டு வயதிலும் மாமாதான் போயாக வேண்டும்.

2024 பாராளுமன்றத் தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கி, ஜூனில் முடிவுகள் வந்தபிறகு வீடு திரும்பியது. அடுத்த வாரம் எண்ணெய்க் குளியலன்று, "ஏளா, இங்க வந்து இந்தக் கூத்தப் பாரு" என்று அத்தை கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மாமாவின் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தக்கட்டு! மூன்று நாளாகச் சட்டையைக் கழற்றாமலே சமாளித்திருக்கிறார்.

"துப்பாக்கின்னா உதைக்கத்தான செய்யும் தாயி" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அத்தை அவசரமாக உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துவிட்டார்கள். டாக்டரிடம் போனபோது அதற்கும் சேர்த்துத் திட்டு கிடைத்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அடியும் தோலுக்கடியில் பரவுமாம். அடிபட்ட உடனே துணியில் சுற்றிய ஐஸ் கட்டிதான் வைக்க வேண்டும். சூடும் கூடாது, தேய்க்கவும் கூடாது. மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது. "துப்பாக்கியைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு கொடுத்தோம். அது வரும்வரை பன்றி காத்திருக்குமா?

தெரிந்த ஆசாரி, பின்கட்டையில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு ரப்பரை வைத்து முடுக்கிவிடலாம் என்றார். "எங்கய்யா தோள்ல வச்ச கட்டைய அறுக்கவா?" என்று மாமா எழுந்தே போய்விட்டார். அப்புறம்தான் காலுறை மாதிரி மாட்டிக் கழற்றுகிற உறை உண்டென்று தெரிந்தது.

கொத்து வேலையில் செங்கல்லை எறிந்தால் சித்தாள் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடிப்பாள், பார்த்திருப்பீர்கள். கல் அதே கல்தான். மெதுவாக வாங்குவதால் கை நோகாது. உறையும் அதைத்தான் செய்கிறது.

'தடிமனாக இருந்தால் நல்லதுதானே' என்று ஓர் அங்குலத்துக்கு மேல் கனமான ரப்பர் உறையை வாங்கிவரச் சொன்னேன். அங்கேதான் தப்பு. மாமா குள்ளம். உறை மாட்டியதும் துப்பாக்கி நீண்டுவிட்டது. தூக்கும்போது ரப்பர் சட்டையின் கக்கத்தில் மாட்டியது. தோள்குழியில் உட்கார வேண்டியது புஜத்தில் போய் உட்கார்ந்தது. அப்படியே சுட்டிருந்தால் ரத்தக்கட்டு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ரவிக்கைக்கு அளவெடுக்காமல் துணியை வெட்டுவோமா? தையல் டேப்பை எடுத்தேன். முதலில் மாமா துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலும் காலி என்று காட்டினார். முன் விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை பதினாலேகால் அங்குலம். வெறும் துப்பாக்கியைத் தோளில் வைத்தபோது அவர் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி; அது சரியான அளவு. ரப்பர் உறையோடு நாலு விரலுக்கு மேல் போனது. கட்டையின் உயரம், அகலத்தையும் குறித்துக்கொண்டேன். உறை தொளதொளவென்றிருந்தால் சுடும்போது திருகிக்கொள்ளும்.

அளவுச் சீட்டோடு போய் மாற்றிக்கொண்டு வந்தது, சின்ன சைஸில் மெல்லிய தோல் உறை. உள்ளே அரை அங்குல மெத்தை. தோல் வழுக்கிக்கொண்டு போவதால் சட்டையில் மாட்டவில்லை.

கடைப் பெரியவர் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னைக் கலக்கிவிட்டது. "தோட்டா என்ன நீளம் போடுறீங்க?" பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தானாம். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 70. உள்ளே நுழைந்துவிடும், ஆனால் வெடித்ததும் தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலே கெட்டுப் போகலாம். அறையை அளந்து பார்த்தால் எங்களுடையது 65. வீட்டில் இருந்தது 70! உதை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த உறையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அளவான நீளத்தில், குண்டு எடை குறைந்த தோட்டாவாகப் பார்த்து வாங்கினோம்.

வேலை முடிந்ததும் உறையை நானே கழற்றிவிடுகிறேன். குற்றாலச் சாரல் அடிக்கிற நாளில் மாட்டியே வைத்தால் ஈரம் தங்கிக் கட்டையின் பாலிஷ் வெளுத்துவிடும். உறைக்கு இடம் தையல் மெஷின் இழுப்பறை. துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கின்றன, சாவிகள் மாமாவிடம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடாயிற்றே.

ஆவணியில் ஒரு ராத்திரி இரண்டு வெடி கேட்டது. விடிந்ததும் நானும் அத்தையும் மாமாவின் சட்டையைக் கழற்றச் சொன்னோம். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மறுநாளும் பார்த்தோம், அதுவும் இல்லை.

"இனி சட்டையப் போட்டுக்கிடலாமா?" என்றார் மாமா.