ஹார்னைத் துரத்தும் மின்சாரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெருவில் இருக்கிறது அந்தப் பட்டறை. புதிதாகச் செய்த போர்டு எதையும் அங்கே நேரடியாகக் கரண்டில் மாட்டுவதில்லை. நடுவில் சீரிஸாக ஒரு 100 வாட் குண்டு பல்பு நிற்கும். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கரண்டை ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும். "பல்பு எரிஞ்சா சந்தோஷப்படணும் சார். பல்பு போடாம விட்டா டப்புன்னு ஒரு சத்தம், நாலு மாஸ்ஃபெட் காலி" என்றார் உரிமையாளர். குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டதால் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறார்.

பிளாஸ்டிக்கை அல்ட்ராசோனிக் அதிர்வால் ஒட்டும் வெல்டிங் மெஷின்களுக்கு ஜெனரேட்டர் செய்கிறார்கள். சார்ஜர் மூடியிலிருந்து, கொரோனா நாட்களில் நாம் மாட்டித் திரிந்த முகக்கவசத்தின் காதுநாடா வரை இந்த முறையில் ஒட்டியவைதான். பசையும் இல்லை, திருகும் இல்லை. 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் சுமார் 325 வோல்ட். அதை மாஸ்ஃபெட்டுகள் நொடிக்கு 20,000 சுற்று திசைமாற்றி, ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பீசோ பீங்கான் வில்லைகளுக்கு அனுப்புகின்றன. வில்லைகள் விரிந்து சுருங்குகின்றன. பூஸ்டரும், பிளாஸ்டிக்கைத் தொடும் உலோகத் துண்டான ஹார்னும் அந்த அசைவைப் பெருக்கிய பிறகும் ஹார்ன் முனை நகர்வது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அரை நொடியில் மூடி ஒட்டிவிடுகிறது.

மாஸ்ஃபெட்தான் இங்கே கதாநாயகன் என்று நினைத்துப் போயிருந்தேன். பட்டறையின் பாதி நேரத்தைத் தின்பதோ ஹார்ன். டைட்டானியத்தில் கடைந்த, ஏறக்குறைய 125 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டுக்குத் தனக்கென ஒரு அதிர்வெண் உண்டு. சூடானால் அது இறங்கும். பிளாஸ்டிக் மேல் அழுத்தினால் நகரும், பிளாஸ்டிக் உருகத் தொடங்கியதும் மறுபடி நகரும். சில பத்து ஹெர்ட்ஸ் தவறினாலே சக்தி சரியாக இறங்காது. தவறுவதிலும் ஒரு பக்கம் பரவாயில்லை, வெல்டு மட்டும்தான் கெடும். மறுபக்கம் போனால் மாஸ்ஃபெட் கொதித்துச் சாகும். ஆகவே மின்னழுத்தமும் மின்னோட்டமும் கைகோத்துப் போகின்றனவா என்று கண்ட்ரோல் சர்க்யூட் ஓயாமல் பார்த்து, ஹார்ன் போகும் இடத்துக்கெல்லாம் பின்னால் ஓடவேண்டும். இந்த ஓட்டம் முழுக்க அந்த அரை நொடிக்குள்.

போதாததற்கு வில்லைகள் மின்சாரத்தின் கண்ணுக்கு வெறும் கெபாசிட்டர். வேலை செய்யாமலே கரண்ட் இழுக்கும். அதைச் சரிக்கட்ட ஒரு இண்டக்டர் வேண்டும். மூலையில் ஒரு இளம் பெண் பொறியாளர் அதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த அதிர்வெண்ணில் செம்பின் மேல்தோலில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் கரண்ட் பெரும்பாலும் ஓடும். அதனால் தடித்த ஒற்றைக் கம்பி வீண், மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் வயர்தான். கோரின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒரு மைலார் தாள் கூடுதலாகச் செருகினார். ஸ்கோப்பில் மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் அலைகளும் கொஞ்சம் நெருங்கின. இன்னொரு தாள் வைத்தார், தாண்டிவிட்டது. எடுத்தார். "கணக்கெல்லாம் போட்டுத்தான் சார் ஆரம்பிப்போம். ஆனா வில்லை செட்டுக்கு செட்டு மாறுது. கடைசியில கைதான் முடிக்குது."

ரிப்பேருக்கு வந்த இறக்குமதி ஜெனரேட்டர் ஒன்று மேசையில் திறந்து கிடந்தது. முக்கியமான ஐசி மேலிருந்த எழுத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. உரிமையாளருக்கு வரவில்லை, காலுக்குக் கால் தடம் பிடித்து சர்க்யூட்டை ஒரு நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்.

அப்போது ஒரு வாடிக்கையாளர் உடைந்த டப்பா மூடிகளோடு வந்தார். ஏபிஎஸ்ஸில் நன்றாக ஒட்டிய மெஷின், பாலிபுரோப்பிலீனுக்கு மாறியதும் ஒட்டவில்லை, பவரை ஏற்றித் தரவேண்டும் என்றார். உரிமையாளர் மூடியின் ஓரத்தை நகத்தால் தடவினார். முதலில் உருகவேண்டிய கூர்வரப்பு அதில் இல்லை, ஓரம் மொழுமொழுவென்றிருந்தது.

"ஆம்ப்ளிட்யூட் ஏத்தித் தரேன் அண்ணே, இதுக்கு அது வேணும்தான். ஆனா மோல்டுல வரப்பு வெட்டாம என் போர்டு மட்டும் என்ன பண்ணும்?"

வந்தவர் மோல்டு வெட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அங்கிருந்து பேச்சு அடுத்த தெருவின் டூல்ரூமுக்குப் போய்விட்டது.