கணினிக்குத் தமிழ் தெரியாதா?



எங்கள் கணினிக்கூடத்துப் பழைய கணினிகளில் டெபியன் லினக்ஸும் எக்ஸ்எஃப்சிஇ முகப்பும் நிறுவப்பட்டன. தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் மென்பொருளும் சேர்க்கப்பட்டது. நிறுவியவர் கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் தட்டி நுழைந்து, அமைப்புகள் யாவும் சரியென்று காட்டிச் சென்றார். மறுநாள் மாணவர்கள் வண்ணத்திரை வழியே நுழைந்தனர். தமிழைத் தேர்ந்தெடுத்தும் ஆங்கில எழுத்துகளே விழுந்தன. "டீச்சர், இந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது" என்ற நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் தமிழ்க் கட்டுரையை ஆங்கில எழுத்துகளில் எழுதத் தொடங்கிவிட்டாள். அதுதான் என்னை உறுத்தியது.

கணினிக்குத் தமிழ் தெரிந்தே இருந்தது. ஐபஸைப் பயன்படுத்துமாறு செயலிகளுக்குச் சொல்லும் மூன்று வரிகள் 'பேஷ் புரொஃபைல்' என்ற கோப்பில் இருந்தன. அக்கோப்பைப் படிப்பது பேஷ் என்னும் கட்டளை ஓடு. அதுவும் உள்நுழைவு ஓடாகத் தொடங்கும்போது மட்டுமே. வண்ணத்திரையில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது லைட்டிஎம் என்ற வேறொரு நிரல். அது முகப்பை நேரே தொடங்கிவிடுகிறது. பேஷ் அந்த வழியில் வருவதே இல்லை. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலேயே, நுழைந்தவுடன் ஒரு கோப்பைப் படிக்கும் வழக்கம் இருந்தது. அன்று நுழைவாயில் ஒன்றே. எக்ஸ் சாளர அமைப்பு வந்தது 1984இல்தான்.

அவ்வரிகளை 'பேஷ்ஆர்சி' கோப்பில் எழுதச் சொல்வோர் உண்டு. அது அரை மருந்து. முனையச் சாளரத்திலிருந்து தொடங்கும் செயலிகளுக்கு அவை கிட்டும். பட்டியலில் சொடுக்கித் திறப்பவற்றுக்குக் கிட்டா. இவ்வமைப்புகள் தாய் நிரலிலிருந்து சேய் நிரலுக்குச் செல்லுமேயன்றித் திரும்பி வருவதில்லை. எந்தக் குழந்தை முனையத்தைத் திறந்து கட்டுரை எழுதப்போகிறது?

டெபியனில், எக்ஸ் சாளரத்தில் இயங்கும் முகப்புகளுக்கு, வீட்டு அடைவில் புள்ளியுடன் தொடங்கும் 'எக்ஸ்செஷன்ஆர்சி' என்ற கோப்பு உண்டு. மூன்று வரிகளையும் அதற்கு மாற்றி, வெளியேறி மீண்டும் நுழைந்ததும் தமிழ் வந்தது. வேலேண்டில் இயங்கும் முகப்புகள் இக்கோப்பைப் படிப்பதில்லை. உபுண்டுவின் வரைகலை நுழைவோ 'புரொஃபைல்' கோப்பைப் படிக்கிறது. ஒருவர் சொல்லும் தீர்வு மற்றவருக்குப் பலிக்காததன் காரணம் இதுவே.

உங்கள் பள்ளியில் நிறுவ வருபவரிடம், மாணவர் நுழையும் அதே திரை வழியே நுழைந்து, பட்டியலிலிருந்து சொற்செயலியைத் திறந்து, ஒரு வரி தமிழில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.